சால்டேர் கிராமத்தில் புதுப்பித்த விக்டோரியா காலத்து வரிசை வீடு: வாங்கலாமா?

ஏர்நதிக்கரை | அக்டோபர் 14, 2025

வணக்கம் எல்லோருக்கும். நானும் கணவரும் நான்கு வருடமாக இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் நர்ஸ், அவருக்கு லீட்ஸில் வேலை. மகள் அடுத்த செப்டம்பரில் பள்ளிக்குப் போகப்போகிறாள். அதற்குள் சொந்தமாக ஒரு வீட்டில் காலூன்றிவிட வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

போன சனிக்கிழமை சால்டேரில் ஒரு வீடு பார்த்தோம். ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி ஆலை முதலாளி தன் தொழிலாளிகளுக்காகக் கட்டிய கிராமம் இது. 1853இல் ஆலை திறந்தது. அதைச் சுற்றித் தெருத்தெருவாக வீடுகள் எழுந்தன. தெருக்களுக்கு அவருடைய மனைவி, பிள்ளைகள் பெயர்கள். கட்டிய ஆர்க்கிடெக்டுகள் பெயரிலும் இரண்டு தெரு உண்டு. கால்வாய், ஆறு, பூங்கா, ரயில் நிலையம் எல்லாம் நடை தூரம். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் போனோம். நனைந்த கல் சுவர்கள் தேன் நிறத்தில் வரிசையாக நின்றதைப் பார்த்ததும் எங்கள் இருவருக்குமே மனசு அங்கேயே நின்றுவிட்டது.

வீடு 1860களில் கட்டியது. கதவைத் திறந்தால் நேரே தெரு. கீழே முன்னறையையும் சமையலறையையும் சேர்த்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற லாமினேட் தரை, சீலிங்கில் பதித்த விளக்குகள், புது கிச்சன், புது பாய்லர். நிலவறையை வேலை செய்யும் அறையாக மாற்றியிருக்கிறார்கள். மாடியில் இரண்டு படுக்கையறை, பரணில் மூன்றாவது. கேட்கும் விலை 265,000 பவுண்ட். விற்பவர் இரண்டு வருடம் முன்னால் வாங்கி, எல்லாவற்றையும் மாற்றி இப்போது விற்கிறார், அவர் அங்கே குடியிருந்ததே இல்லை. "நீங்கள் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம், பெட்டியோடு வந்து குடியேறலாம்" என்கிறார் ஏஜென்ட்.

எனக்கு உறுத்துவது இரண்டு விஷயம். அந்தக் குளிரிலும் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. கீழே வாசனை மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கணவர் "நீ ரொம்ப யோசிக்கிறாய்" என்கிறார். இப்படிப் புதுப்பித்த பழைய வீட்டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேயில் எந்த மட்டம் எடுப்பது? பேங்க் வேல்யுவேஷன் செய்கிறதே, அது போதாதா?

ஹடர்ஸ்ஃபீல்ட்காரன் | அக்டோபர் 14

வாழ்த்துகள் சகோதரி. புதுப்பித்த வீடு என்றால் நல்லதுதான். நான் 2018இல் ஒன்றுமே செய்யாத கல் வீட்டை வாங்கினேன். ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது, தண்ணீர் ஈயக் குழாயில் வந்துகொண்டிருந்தது, சமையலறை 1970களோடு நின்றுவிட்டது. கைக்குழந்தையோடு ஏழு மாதம் தூசியில் இருந்தோம். என் மனைவி அந்தக் குளிர்காலத்தைப் பற்றி இன்றுவரை பேச விரும்புவதில்லை. அந்த வேலையை வேறொருவர் முடித்துக் கொடுக்கிறார் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு. பார்த்து வாங்குங்கள், ஆனால் பயந்து விட்டுவிடாதீர்கள்.

சுண்ணாம்பு | அக்டோபர் 15

சகோதரி, நான் பதினெட்டு வருடமாகப் பழைய கட்டடங்களில் வேலை செய்கிறேன். முதலில் கொத்து வேலை, இப்போது பராமரிப்பு ஆலோசனை. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், நீங்கள் அதிகமாக யோசிக்கவில்லை. அந்த ஜன்னலும் மெழுகுவர்த்தியும் உங்களுக்கு எதையோ சொல்லியிருக்கின்றன.

இந்த வீடுகள் எப்படி உயிரோடு இருக்கின்றன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது கட்டும் வீட்டில் இரண்டு சுவர், நடுவில் இடைவெளி. விக்டோரியா காலத்து வீட்டில் பெரும்பாலும் திடமான ஒரே சுவர். மழை பெய்தால் கல் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலும் காற்றும் வந்தால் அதை வெளியே விட்டுவிடும். கல்லுக்கு நடுவில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்துதான் அந்த ஈரம் வெளியேறும் வழி. உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. அடுப்பில் நெருப்பு, புகைபோக்கி வழியாக நாள் முழுக்க காற்றோட்டம். இதெல்லாம் சேர்ந்து ஒரே ஏற்பாடு. நம் ஊர்ப் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகள் கோடையில் குளிர்ச்சியாக இருக்குமே, அங்கேயும் சுவர் மூச்சு விடுகிறது.

இப்போது அவசரமாகப் புதுப்பிக்கிறவர் என்ன செய்கிறார்? வெளியே சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் வைக்கிறார். யார்க்ஷயரில் கல்லின் மூட்டுகளில் நாடா ஒட்டியதுபோல் சிமெண்ட் துருத்திக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஈரத்தால் அதன் வழியாக வெளியேற முடியாது, கல் வழியாகத்தான் போகும். பனியில் அந்த ஈரம் உறைந்து கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். சில வருடத்தில் சிமெண்ட் நிற்கும், கல் உள்வாங்கிவிடும். உள்ளே ஜிப்சம் பூச்சு, அல்லது கல் சுவரின் மேல் பிளாஸ்டர்போர்டை ஒட்டிவிடுவது. மேலே பிளாஸ்டிக் பெயிண்ட். தரைக்கு அடியில் காற்றுப் போகத் துளை வைத்த காற்றுச் செங்கல்லை அடைத்துவிடுவது. புகைபோக்கியை மூடிவிடுவது. போர்டுக்குப் பின்னால் சுவர் நனைந்துகொண்டே இருக்கும், முன்னால் வெள்ளை வெளேரென்று தெரியும். இரண்டு குளிர்காலம் தாங்கும். அதற்குள் வீடு கைமாறிவிடும்.

பேங்க் வேல்யுவேஷன் பேங்குக்காக. கொடுத்த கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்று மட்டும் பார்ப்பார்கள். சில நேரம் யாரும் வீட்டுக்கே வரமாட்டார்கள். ஆர்ஐசிஎஸ் என்ற சர்வேயர்களின் தொழில் அமைப்பில் உறுப்பினராக உள்ளவரிடம் மூன்றாம் மட்ட சர்வே எடுங்கள், அதுதான் விரிவானது. வீடு கட்டி நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, சுவரை இடித்திருக்கிறார்கள், பரணை மாற்றியிருக்கிறார்கள். இரண்டாம் மட்டம் இதற்குப் பற்றாது. பழைய கட்டடங்களில் பழக்கமுள்ளவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சால்டேர் 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது. வீடுகள் பெரும்பாலும் மரபுக் கட்டடங்களின் இரண்டாம் தரப் பட்டியலில் பாதுகாக்கப்பட்டவை. பட்டியலில் உள்ள வீட்டில் வெளிப்பக்கம் மட்டுமல்ல, உள்ளே சுவர் இடித்தாலும், புகைபோக்கியின் அடிக்கட்டை எடுத்தாலும், ஜன்னல் மாற்றினாலும் கவுன்சிலிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். விற்பவர் வாங்கினாரா? பிராட்ஃபோர்ட் கவுன்சிலின் திட்ட அனுமதிப் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது. முகவரியைப் போட்டால் வந்துவிடும். இன்றைக்கே பாருங்கள். ஒப்புதல் இல்லாமல் செய்த வேலை என்றால், "பழையபடி மாற்று" என்ற நோட்டீஸ் அப்போது யார் உரிமையாளரோ அவருக்குத்தான் வரும். இதற்குக் கால வரம்பு கிடையாது.

பனங்கூடல் | அக்டோபர் 15

தங்கச்சி, சுண்ணாம்பு எழுதினது அவ்வளவும் எங்கள் வீட்டில் நடந்தது. நாங்கள் 2011 இல் லங்காஷயர் பக்கம் ஒரு கிராமத்தில் இப்படித்தான் ஒரு வரிசை வீட்டை வாங்கினோம். எல்லாம் புதுசு. ஆசையோடு போய்ப் பால் காய்ச்சினோம். மாசி மாதம் அலுமாரியை நகர்த்தினால் பின்பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். என்னுடைய சீலைகள் இரண்டு பழுதாய்ப் போய்விட்டன, அம்மா தந்த கூறைச் சீலையும் அதில் ஒன்று. மகனுக்கு இழுப்பு வந்தது.

ஈரம் பார்க்க ஒரு நிறுவனம் இலவசமாக வந்தது. ஊசி வைத்த சின்ன மீட்டரைச் சுவரில் குத்தி, "நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவரைத் துளைத்து மருந்து ஏற்ற வேண்டும்" என்றார்கள். 3,400 பவுண்ட் கொடுத்தோம். அடுத்த மாரியில் அதே கறுப்பு. பிறகு என் வீட்டுக்காரர் தெரிந்த ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் உள்ளே வரவில்லை. மழைக்குள் வெளியே நின்று பத்து நிமிடம் மேலே பார்த்தார். கூரையோரத்தில் மரத்தாலான மழைநீர் பீலி உக்கிப்போய், மழை நேரே சுவரில் வழிகிறது. பின்முற்றத்தில் விற்றவர் புதிதாகக் கல் பதித்து நிலத்தை உயர்த்தியதில் காற்றுச் செங்கல் மூன்றும் மண்ணுக்குள் போய்விட்டன. பீலியை மாற்றி, முற்றத்தைத் தாழ்த்தி, சீமெந்தைக் கழற்றிச் சுண்ணாம்பு வைத்த பிறகு சுவர் காய ஒன்றரை வருடம் எடுத்தது. இப்போது நல்லாயிருக்கிறது. நாங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறோம், அந்த வீட்டில் எனக்கு நல்ல விருப்பம். ஆனால் மழை நாளில் ஒருக்கால் போய்ப் பாருங்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சுண்ணாம்பு | அக்டோபர் 15

அக்கா சொன்ன அந்த மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. அது மரத்தின் ஈரத்தை அளக்கச் செய்த கருவி. மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து ஈரத்தைக் கணிக்கிறது. பழைய பூச்சில் உப்பு ஏறியிருந்தால் காய்ந்த சுவரிலும் முள் மேலே போகும். மருந்து விற்கிறவரே இலவசமாக வந்து அளந்தால் அந்த அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். எதையும் விற்காத ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பாருங்கள். வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் இருக்கிறது. பழைய வீட்டுக்காரர்களுக்குத் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 16

சுவரைப் பற்றி எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் வரியைப் பற்றிக் கேட்கிறேன். ஊரில் உங்கள் பேரிலோ கணவர் பேரிலோ வீடு, ஃபிளாட் ஏதாவது உண்டா?

ஏன் கேட்கிறேன் என்றால், நம்மவர்கள் பலர் இதில் கடைசி வாரத்தில் சிக்குகிறார்கள். முதல் வீடு வாங்குபவருக்கு இங்கிலாந்தில் 300,000 பவுண்ட் வரை முத்திரை வரி இல்லை. ஆனால் முதல் வீடு என்றால் உலகத்தில் எங்குமே இதற்கு முன் வீடு வாங்கியிருக்கக் கூடாது. பரம்பரையாக வந்ததும் கணக்கில் சேரும். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்குமே அது முதல் வீடாக இருக்க வேண்டும். அதோடு, 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீடு வேறு நாட்டில் இருந்தாலும் இங்கே வாங்குவது இரண்டாவது வீடாகிவிடும். 2024 அக்டோபர் 31இலிருந்து அதற்குக் கூடுதல் வரி முழு விலையில் 5 சதவீதம். கணவன் மனைவியை இதற்கு ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள், உங்கள் பேரில் மட்டும் வாங்கினாலும் தப்ப முடியாது.

265,000க்குக் கணக்கு: முதல் வீடு என்றால் பூஜ்யம். சாதாரண வரி 3,250. ஊரில் வீடு இருந்தால் 16,500.

ஏர்நதிக்கரை | அக்டோபர் 16

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. கணவர் பேரில் வேளச்சேரியில் ஒரு ஃபிளாட் இருக்கிறது, 2016இல் லோன் போட்டு வாங்கியது. மாமனார் மாமியார் அதில்தான் இருக்கிறார்கள். இன்றைய மதிப்பு 65 லட்சம் இருக்கும், அதாவது 50,000 பவுண்டைத் தாண்டுகிறது. எங்கள் மோர்கேஜ் ஆலோசகர் "உங்களுக்கு இங்கே வேறு வீடு இருக்கிறதா" என்றுதான் கேட்டார். இல்லை என்றோம்.

அந்த ஃபிளாட்டை மாமனார் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கணவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், லோனும் முடிந்துவிட்டது. அப்படிச் செய்தால்?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 16

கம்ப்ளீஷன் நாளுக்கு, அதாவது வீடு உங்கள் கைக்கு வரும் நாளுக்கு முன்பே செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகி, உண்மையிலேயே அது அவர்கள் சொத்தாகிவிட்டால் அந்த 5 சதவீதம் வராது. பெயருக்கு எழுதிவிட்டு நாம் ஆள்வது கூடாது. முதல் வீட்டுச் சலுகை மட்டும் திரும்பக் கிடைக்காது, ஒருமுறை வாங்கியவர் வாங்கியவர்தான். 3,250 கட்ட வேண்டியிருக்கும். இங்கே உங்கள் சொலிசிட்டரிடமும் அங்கே ஒரு வக்கீலிடமும் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஏர்நதிக்கரை | அக்டோபர் 23

பனங்கூடல் அக்கா சொன்னபடி நேற்று மழையில் மறுபடி போனோம். இந்த முறை ஜன்னல்களை மூடி வைக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் நிலவறைப் பக்கமிருந்து ஈர மண் வாடை. படிக்கட்டுக்கு அடியில் உள்ள அலமாரியில் மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்தார்கள். அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. கூடத்துச் சுவரைத் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே வெற்றிடம், அதாவது போர்டு ஒட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் போனோம். கல் மூட்டெல்லாம் அந்த நாடா மாதிரி சிமெண்ட். கைவிரலால் தடவினேன், கல் சர்க்கரை மாதிரி உதிர்ந்தது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். மாடியில் பின் படுக்கையறையில் புகைபோக்கி மேடை சுவரிலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நேர் கீழே சமையலறையில் அது இல்லை, அந்த இடத்தில் ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். மேலே உள்ள கல் எதன் மேல் நிற்கிறது என்று ஏஜென்டிடம் கேட்டேன். "கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

கவுன்சில் பதிவேட்டில் அந்த முகவரிக்கு 1990களில் ஒரு ஜன்னல் விண்ணப்பம் மட்டும்தான் இருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் எதுவும் இல்லை.

சுண்ணாம்பு | அக்டோபர் 23

நல்ல கண் உங்களுக்கு. அந்தப் புகைபோக்கிதான் இந்த வீட்டில் முதலில் தீர்க்க வேண்டியது. மாடியிலிருந்து கூரைக்கு மேல் வரை போகும் கல்லும் செங்கல்லும் டன் கணக்கில் எடை. அடியை எடுத்தால் மேலே உள்ளதைத் தாங்க எஃகு உத்திரம் போட வேண்டும், அதற்குப் பொறியாளர் கணக்கு வேண்டும், கட்டட விதிகளின்படி முடிப்புச் சான்றிதழ் வேண்டும். வரிசை வீட்டில் புகைபோக்கி பொதுச் சுவரோடு சேர்ந்தது. பல இடங்களில் பக்கத்து வீட்டுப் புகைக் குழாய்களும் அதே புகைபோக்கித் தூணில்தான் போகும். அதனால் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் மேலே உள்ளது இறங்கினால் அவர்கள் சுவரும் சேர்ந்து வரும்.

சர்வேயரிடம் இந்த இடத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பரண் அறைக்கும் சான்றிதழ் கேளுங்கள். படி, தரையின் வலு, தீப்பிடித்தால் வெளியேறும் வழி இதெல்லாம் பார்த்துக் கவுன்சில் கையெழுத்திடாவிட்டால் அது படுக்கையறை இல்லை, சாமான் போடும் பரண். கீழே சுவரை எடுத்துக் கூடமாக்கியதால் பரணிலிருந்து இறங்கி வருகிறவர் சமையலறை வழியாகத்தான் வெளியே போக முடியும், தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மகளை அங்கே படுக்க வைக்க நினைத்திருந்தால் இதை யோசியுங்கள்.

ஹடர்ஸ்ஃபீல்ட்காரன் | அக்டோபர் 24

புகைபோக்கி விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஒரு நியாயமான எதிர்வாதம் வைக்கிறேன். எல்லாப் புதுப்பிப்பையும் குற்றமாகப் பார்த்தால் இந்த வீடுகளில் யாரும் வாழ முடியாது. சால்ட் கட்டியபோது ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீரும் கேஸும் தனிக் கழிப்பறையும் கொடுத்தார், அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் கழிப்பறை பின்முற்றத்தில் இருந்தது. இன்று அது உள்ளே வந்திருப்பதும் நவீனப்படுத்தியதுதானே. ஜிப்சம் பூசிய பழைய வீட்டில் என் நண்பர்கள் பலர் இருபது வருடமாக ஈரமே இல்லாமல் இருக்கிறார்கள். ஒயரிங், பாய்லர், குழாய் இதெல்லாம் இந்த வீட்டில் சரியாக இருந்தால் அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஒப்புதல் இல்லாமல் செய்த வேலைக்கு சொலிசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்து முடித்துவிடலாம் என்பார், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சுண்ணாம்பு | அக்டோபர் 24

ஒயரிங், குழாய் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். நான் எதிர்ப்பது சுவரை மூடியதை மட்டும்தான். ஜிப்சம் பூசிய சுவர் காய்ந்திருக்கிறது என்றால் வெளியே பீலியும் கல்லும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். உங்கள் நண்பர்கள் மழையை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் இன்சூரன்ஸ் பற்றிச் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காப்பீடு கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் பண இழப்புக்குத்தான். தூண் இறங்காமல் அது பிடித்துக்கொள்ளாது. கவுன்சிலிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பெரும்பாலும் அது செல்லாது. குழந்தை தூங்கும் அறைக்குள் நிற்கும் கல்லுக்குக் காகிதம் வாங்கி வைப்பது தீர்வு இல்லை.

பனங்கூடல் | அக்டோபர் 25

இன்னொன்று, எங்கள் சமையல். ஒரு பானை சோறு, இட்டலி, புட்டு, எல்லாம் ஆவி. மாரியில் உடுப்பும் உள்ளேதான் காயும். முன்பு அந்த ஈரத்தைப் புகைபோக்கி இழுத்துக்கொண்டு போனது. இப்போது கூடமும் சமையலறையும் ஒன்று, எல்லாம் மேலே படுக்கையறைக்குப் போய்க் குளிர்ந்த சுவரில் தண்ணீராய்ப் படியும். அடுப்புக்கு மேலே உள்ள விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா, இல்லை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பார்த்தீர்களா? எங்களுடையது இரண்டாவது வகை. அது வாசத்துக்கு மட்டும்தான், ஆவிக்கு ஒன்றும் செய்யாது.

ஏர்நதிக்கரை | அக்டோபர் 25

பார்த்துவிட்டேன் அக்கா. உள்ளேயே விடுகிற வகைதான்.

ஏர்நதிக்கரை | நவம்பர் 19

மூன்றாம் மட்ட அறிக்கை வந்துவிட்டது, 74 பக்கம். பழைய நிலக்கரிப் பகுதி என்பதால் சொலிசிட்டர் தனியாகச் சுரங்கத் தேடலும் போட்டார், அதில் பயப்பட எதுவும் இல்லை. வெள்ள வரைபடமும் பார்த்தோம். 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏர் நதி பொங்கியபோது நான் இங்கே இல்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைச் சொல்வார்கள். இந்தத் தெரு மேட்டில் இருக்கிறது, சரி.

கூரை நன்றாக இருக்கிறது. வேல்ஸ் ஸ்லேட், பாதிக்கு மேல் பழையது. ஒயரிங்குக்கும் பாய்லருக்கும் சான்றிதழ் இருக்கிறது, அந்த வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது. இதை ஹடர்ஸ்ஃபீல்ட்காரன் அண்ணாவுக்காக முதலில் சொல்கிறேன்.

மற்றது: நிலவறையில் சுவரைச் சுற்றி பிளாஸ்டிக் சவ்வு போட்டு போர்டு அடித்திருக்கிறார்கள், காற்று வர இருந்த சின்ன ஜாலியை மூடிவிட்டார்கள். மேலே உள்ள தரைக் கட்டைகளின் நுனியில் ஈரம் 22 சதவீதம். 20க்கு மேல் போனால் மரம் உளுத்துப்போக ஆரம்பிக்கும் என்று எழுதியிருக்கிறார். பரண் அறைக்குச் சான்றிதழ் இல்லை, ஆகவே இதை இரண்டு படுக்கையறை வீடாகத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறார். புகைபோக்கி எதன் மேல் நிற்கிறது என்று சீலிங்கைத் திறக்காமல் சொல்ல முடியாது, திறக்காமல் எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தத்தைக் கைமாற்றி உறுதி செய்வது) செய்யாதீர்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்.

அன்று இரவு நாங்கள் இருவரும் பேசவே இல்லை. அந்த அறையில் எந்த மூலையில் மகளுடைய கட்டில் என்றுவரை முடிவு செய்து வைத்திருந்தோம். காலையில் கணவர்தான் ஏஜென்டுக்கு எழுதினார். சீலிங்கைத் திறக்க வேண்டும், உத்திரம் இல்லையென்றால் விற்பவர் செலவில் போட வேண்டும், கவுன்சிலிடம் ஒப்புதலுக்கு அவரே விண்ணப்பிக்க வேண்டும், விலை 240,000. இல்லையென்றால் விலகுகிறோம். எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை இங்கே யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை, அதனால் தைரியமாகவே எழுதினோம்.

கணக்குப்பிள்ளை | நவம்பர் 19

சரியாகச் செய்தீர்கள். வேளச்சேரி?

ஏர்நதிக்கரை | நவம்பர் 19

பத்திரம் பதிவாகிவிட்டது. மாமனார் போனில் அழுதுவிட்டார். இதை வரிக்காகச் செய்ததாக அவர் நினைத்துவிடக் கூடாது என்று கணவர் ரொம்ப நேரம் பேசினார்.

ஏர்நதிக்கரை | பிப்ரவரி 11, 2026

எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள். விற்பவர் முதலில் முடியாது என்றார். இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் பார்க்க வந்து, அவரும் அதே புகைபோக்கிக் கேள்வியைக் கேட்டாராம். அப்புறம் இறங்கி வந்தார்.

சீலிங்கைத் திறந்தார்கள். மேலே உள்ள முழுத் தூணும் இரண்டு இரும்புத் தாங்கிகளில் நின்றது, அவை பொதுச் சுவரின் உதிர்ந்த சாந்தில் நாலு போல்ட் போட்டு மாட்டியவை. பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களோடு வந்து பார்த்தார். அதே தூணில்தான் அவர் வீட்டு கேஸ் கணப்படுப்பின் புகையும் போகிறது. பொறியாளர் கணக்குப் போட்டு உத்திரம் வைத்தாயிற்று, ஒப்புதலும் சான்றிதழும் வந்துவிட்டன. கவுன்சிலில் இருந்து வந்த மரபுப் பாதுகாப்பு அலுவலர் பொறுமையாக எல்லாம் விளக்கினார். பின்பக்கச் சிமெண்டை எடுத்துச் சுண்ணாம்பு வைக்கும் வேலைக்கு என்ன எழுதித் தர வேண்டும் என்பதையும் சொன்னார்.

விலை 245,000 என்று முடிந்தது. வரி 2,400. நேற்று எக்ஸ்சேஞ்ச், 27ஆம் தேதி சாவி. பரண் பரணாகவே இருக்கும். மகளுக்குப் பின் படுக்கையறை.

சுண்ணாம்பு அண்ணா, பின்சுவர் வேலையை வந்ததும் மார்ச்சிலேயே தொடங்கலாமா?

சுண்ணாம்பு | பிப்ரவரி 11

வேண்டாம் அம்மா. ராத்திரியில் 5 டிகிரிக்குக் கீழே போகாத காலம் வரட்டும், உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்காது. யார்க்ஷயரில் மே மாதம் தொடங்கினால் நிம்மதி. வந்த உடனே செய்ய வேண்டியது நிலவறை ஜாலியைத் திறப்பது, அதற்கு ஒரு நாள் போதும். பீலியைச் சுத்தம் செய்யுங்கள். சமையலறை விசிறிக்கு வெளியே குழாய் விட வேண்டும் என்றால் சுவரில் துளை, அதற்கும் ஒப்புதல் கேட்டுவிடுங்கள்.

சிமெண்டை எடுக்க வருகிறவர் கட்டிங் மெஷினை மூட்டில் ஓட்டினால் நிறுத்திவிடுங்கள், கல்லின் விளிம்பு போய்விடும். சுத்தியும் உளியும்தான். முதலில் ஒரு சதுர மீட்டர் மட்டும் செய்யச் சொல்லிப் பாருங்கள். வைத்தபின் ஒரு வாரம் நனைத்த சாக்கு கட்டித் தொங்கவிட வேண்டும், வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் பொடிந்துவிடும்.

பனங்கூடல் | பிப்ரவரி 12

27ஆம் தேதி வெள்ளிக்கிழமை, நல்ல நாள். பால் காய்ச்சும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள் தங்கச்சி. எங்களிடம் சணல் சாக்கு பதினைந்து இருபது கிடக்கிறது, மே மாதம் நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.